காலடியில் ஒரு கேன்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் 'ஊத்துனா ஓடும்'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது தபால்காரருக்கு மட்டும் பயன்பட்டது. அவருடைய சலவை வேனின் ரேடியேட்டர் வருடக்கணக்காகக் கசிந்துகொண்டிருந்தது. நிற்கிற இடத்தில் எல்லாம் ஓர் ஈரத் திட்டை வைத்துவிட்டுத்தான் அது கிளம்பும். "அண்ணே, ஒழுகுதே, என்னன்னு பாக்கக் கூடாதா" என்று யாராவது கேட்டால், "அது கெடக்கு, ஊத்துனா ஓடும்" என்பார். கூரை ஒழுகினாலும், குழாய் சொட்டினாலும், மகள் கோபித்துக்கொண்டாலும் அவரிடம் இருந்தது இந்த ஒரே வைத்தியம்தான்.

நான் எதிர்வீட்டுத் தையல்காரி. ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண் ஊசியில் இருக்கும், காது தெருவில் இருக்கும். எனக்கு ஓட்டை வாய் என்று ஒரு பேச்சு உண்டு, நான் மறுத்ததில்லை. அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். இந்த உறவுமுறை எந்தக் கணக்கில் சேரும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

புருஷனும் பெண்டாட்டியுமாக விடுதிகளின் படுக்கை விரிப்புகளை எடுத்து வந்து வெளுத்துக் கொடுப்பார்கள். முன்னறையில் துவைக்கும் மெஷின்கள், பின்கட்டில் குழாயும் கொடிகளும். காய்ந்த விரிப்புகளை வாசலில் நின்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிப்பார்கள். நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள், விலகிப் போவார்கள், மறுபடி வந்து சேர்ப்பார்கள். அவர்களுடைய சண்டை எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். விரிப்பு மடிந்து முடிவதற்குள் சண்டையும் முடிந்துவிடும்.

வேன் ஓட்டுவதும் அவர்களுக்கு இரண்டு ஆள் வேலைதான். அவர் ஓட்டுவார்; அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு வருவாள். அவள் காலடியில் தண்ணீர் கேன் இருக்கும். "ஏங்க, முள்ளு ஏறுது" என்றால் ஓரம் கட்டி, ஆறவிட்டு, அவள் எடுத்துக் கொடுக்க இவர் ஊற்றுவார். சோப்புத் தண்ணீர் கரைத்து வைக்கிற வெள்ளைக் கேன்களில் ஒன்றைக் கழுவித்தான் வேனுக்கு வைத்திருந்தாள். எல்லாக் கேனும் ஒரே அச்சு. அடையாளத்துக்கு இதன் கைப்பிடியில் மட்டும் ஒரு சிவப்பு நாடா. அந்த நாடாவைத் தைத்துக் கொடுத்தவள் நான்.

போன மழைக்காலத்தில் அக்காவின் தங்கைக்கு உடம்பு முடியாமல் போய், "உடனே கெளம்பி வா, உன்னத்தான் கேக்குறா" என்று போன் வந்தது. ஒரே தங்கை, இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை. அக்கா கட்டிய துணியோடு ஓடி வந்து வேனில் ஏறினாள். பாதி வழியில் முள் ஏறியது. ஓரம் கட்டி ஊற்றினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஏறியது, மறுபடி ஊற்றினார். அடுத்த தடவை ஆறும்வரை பொறுக்காமல் மூடியைத் திறந்துவிட்டார். பொங்கி அடித்து மணிக்கட்டு வெந்துபோனது. கொட்டுகிற மழையில் எந்த வண்டியும் நிற்கவில்லை. இவர்கள் போய்ச் சேர்வதற்குள் தங்கை கண்ணை மூடிவிட்டாள். 'அக்கா வந்துட்டாளா' என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

அக்கா திரும்பி வரவில்லை. தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டாள். வேனைக் கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தினார்; அது நின்றது நின்றபடி நின்றது. விரிப்புகள் வாடகை வண்டியில் வந்து போயின. அவர் எத்தனை முறை போன் செய்தும் அக்கா எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை மகளிடம் சொல்லி அனுப்பினாள்: "மொதல்ல அந்த வண்டியச் சரி பண்ணச் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." அதற்குப் பிறகும் அவர் பேனட்டைத் தொடவில்லை. சோம்பல் என்று தெரு சொன்னது. எனக்கென்னவோ பயம் என்றுதான் பட்டது.

இப்போது தங்கையின் புருஷன் அந்த வீட்டைக் காலி செய்கிறார். "வாரக் கடைசில நான் போயி அம்மாவ எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடுவேன்ப்பா. இவ்வளவு தூரம் வந்துட்டாங்கன்னா அப்புறம் அங்க திரும்ப மாட்டாங்க. அதுக்கு முன்னாடி நீங்க போய்க் கூப்பிட்டீங்கன்னா, உங்களோட வந்தாலும் வருவாங்க" என்று மகள் சொன்னது எனக்கும் கேட்டது. அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற மனிதர், குற்றம் என் காதில் இல்லை.

மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தேன். எதிரே பேனட் திறந்திருந்தது.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கிழிந்த விரிப்பு ஒன்றை வேனுக்கு அடியில் விரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புது ரப்பர் ஹோஸ், கிளாம்புகள், ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறக் கூலன்ட் டப்பா.

"என்னண்ணே, மெக்கானிக்குகிட்ட விடலாமே," என்றேன்.

"போய்க் கேட்டேன். விட்டுட்டுப் போ, அடுத்த வாரம் பாக்கலாங்கிறான். நான் பேசுற பேச்ச அவன் வாயில கேட்டா எவ்வளவு எரிச்சலா இருக்கு தெரியுமா?"

"இப்பவாச்சும் தெரிஞ்சுதே."

"நாளைக்கு இந்த வண்டியிலதான் போயிக் கூப்பிடப் போறேன். சரி பண்ணச் சொன்னால்ல, பண்ணிட்டேன்னு காட்டணும். பஸ்ஸுல போய் நின்னா என்ன மரியாத?"

மல்லாந்து உள்ளே நுழைந்தார். துணி ஊறவைக்கிற அகலத் தொட்டியை ரேடியேட்டருக்கு நேர் கீழே தள்ளிவிட்டு, அடித்திருகை இளக்கினார். நான் டீயோடு வந்து நின்றேன். துருத் தண்ணீர் வரும் என்று நினைத்தோம். பழுப்பாக வந்தது. வந்து விழுந்த இடத்தில் நுரைத்தது. தொட்டியின் விளிம்பைத் தாண்டி நுரை எழுந்தபோது எனக்கு மூக்கில் ஏறியது ஒரு வாசனை. என் வீட்டுத் துணியிலும் அதே வாசனைதான். அக்காதான் சின்ன பாட்டிலில் ஊற்றித் தருவாள்.

"அண்ணே, இதென்ன சோப்பு வாசன அடிக்குது?"

அவர் வெளியே வந்து நுரையில் இரண்டு விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். வாழ்நாள் எல்லாம் சோப்பில் ஊறிய கை. அதற்கு முகர்ந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் முகர்ந்தார்.

"தொட்டியில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்," என்றார்.

தொட்டியைக் கவிழ்த்து, கழுவி, மறுபடி வைத்தார். மிச்சம் வடிந்த தண்ணீரும் நுரைத்தது.

எழுந்து போய் முன்சீட்டுக் கதவைத் திறந்தார். அந்த மழை நாளுக்குப் பிறகு அந்தப் பக்கக் கதவை அவர் திறந்து நான் பார்க்கவில்லை. குனிந்து காலடியில் இருந்த கேனை எடுத்தார். கைப்பிடியில் நாடா இல்லை. மூடியைத் திருகி, அடியில் கிடந்ததை உள்ளங்கையில் சாய்த்தார். குழகுழவென்று விரல் இடுக்கில் இறங்கியது. கேனோடு வீட்டுக்குள் நடந்தார். நானும் பின்னால் போனேன். பின்கட்டில் குழாயடியில் சிவப்பு நாடாக் கேன் நின்றது. இத்தனை மாதமும் அதில்தான் அவர் கால் கழுவத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அன்று தண்ணீர் பிடிக்க நாடாக் கேனைக் குழாயடியில் இறக்கி வைத்திருந்திருக்கிறாள். அழுதுகொண்டே ஓடியவள், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டில் மற்றதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது.

அவர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"சோப்புத் தண்ணி உள்ள போனா நுரை கட்டும்மா. நுரைன்னா காத்துதானே. காத்து எப்படி எஞ்சின ஆத்தும்? ஊத்த ஊத்த இன்னும் கொதிச்சிருக்கு. நான் அந்த மழையில, ஆவியில, கொதிச்சுப் பொங்குதுன்னு நெனச்சேன்." கையில் ஒட்டியதைக் கல்லில் துடைத்துக்கொண்டே, "ஒவ்வொரு தடவையும் அவதான் மூடியத் தெறந்து கையில குடுத்தா," என்றார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

"அப்ப இது உங்க தப்பே இல்லையேண்ணே. அக்காகிட்ட சொன்னா கோவமெல்லாம் போயிடுமே."

"என்னன்னு சொல்ல? உன் கையாலதான் வண்டி நின்னுச்சு, உன் கையாலதான் தங்கச்சி மூஞ்சிய உயிரோட பாக்க முடியாமப் போச்சுன்னா?"

என் கண் நான் தைத்துக் கொடுத்த நாடாவின் மேல் போனது.

"ஒழுகாத வண்டியா இருந்தா எதையும் ஊத்தியிருக்கவே வேணாம். ஒழுக விட்டது நான்தானே," என்றார். பிறகு நாடா இல்லாத வெள்ளைக் கேனை என் கையில் கொடுத்தார். "இத உன் வீட்டுல எங்கயாச்சும் போட்டுடு. அவ வந்தா அவ கண்ணுல பட வேணாம். உன் வாயப் பத்தி எனக்குத் தெரியும்மா. இது ஒண்ண மட்டும் முழுங்கிடு."

கேனைக் கொண்டுபோய் என் தையல் மெஷினுக்கு அடியில் தள்ளினேன்.

அதன் பிறகு அவர் அலசத் தொடங்கினார். மெக்கானிக் என்றால் இரண்டு தடவை தண்ணீர் விட்டு எடுத்திருப்பான். இவர் சலவைக்காரர், கடைசிச் சொட்டு சோப்பு போகும்வரை விடமாட்டார். குழாயிலிருந்து நீளப் பைப்பை இழுத்து வந்து ரேடியேட்டர் வாயில் விடுவதும், எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்துவதும், ஆறவிட்டு அடியில் வடிப்பதும், வடிந்த தண்ணீரைக் கையால் கலக்கி நுரைக்கிறதா என்று பார்ப்பதுமாக இருந்தார். பழுப்பு வெளுத்தது. நுரை குறைந்து ஓரத்தில் நாலு குமிழியாக நின்றது. அதுவும் போனது. கடைசித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் பார்த்தார். விடுதிக்காரர்களுக்குக் கொடுக்கும் முன் விரிப்பையும் அப்படித்தான் வெயிலில் தூக்கிப் பார்ப்பார்.

பழைய ஹோஸை அறுத்தெடுத்தார். விரலால் அழுத்தினால் பொருக்கு உதிர்ந்தது. உள்ளே இருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அது வேலை செய்கிறதா பார்க்க வேண்டும், வெந்நீர் வேண்டும் என்றார். எஞ்சின் சூடானால் தானாகத் திறந்து தண்ணீரை ஓடவிடுகிற சின்னப் பொருள் அது. அக்காவின் பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதைப் போட்டோம். அக்கா பார்த்திருந்தால் இரண்டு பேரையும் வெளியே தள்ளியிருப்பாள். சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி கவிழ்த்து வைத்திருந்தது. மற்ற பாத்திரங்களின் மேல் தூசி. தண்ணீர் கொதி வந்ததும் அந்தப் பித்தளை வாய் மெல்லத் திறந்தது.

"தெறந்துடுச்சு," என்றார். அதைப் பார்த்து அவ்வளவு நேரம் நிற்க ஒன்றுமில்லை. ஆனாலும் நின்றார்.

எல்லாவற்றையும் மாட்டி, கூலன்ட்டும் நல்ல தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றினார். இனி உள்ளே அடைபட்ட காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, மற்றவர் முன்னால் நின்று குமிழி வருவதைப் பார்த்து மேலும் ஊற்ற வேண்டும். அந்த மிதிக்கிற வேலை எப்போதும் அக்காவுடையது. இவர் ஒரு செங்கல்லை எடுத்து வந்து பெடல் மேல் வைத்துப் பார்த்தார். எஞ்சின் அலறியது. எடுத்தார். சின்னக் கல்லை வைத்தார். அது நழுவி விழுந்தது.

"தள்ளுங்கண்ணே," என்று நான் ஏறி உட்கார்ந்தேன்.

"ரொம்ப மிதிக்காத. நான் கை தூக்குனா விட்டுடு."

அவர் பேனட்டுக்குப் பின்னால் மறைந்தார். கை மட்டும் அவ்வப்போது மேலே தெரியும். மிதித்துக்கொண்டிருக்கும்போது என் மடியில் போன் அடித்தது. அக்கா. அவள் என்னிடம் பேசுவது உண்டு, அவரைப் பற்றி மட்டும் கேட்கமாட்டாள்.

"என்னடி சத்தம் அது?"

"வேன்க்கா. அண்ணன் சரி பண்றாரு. காத்து எடுக்கணுமாம், நான் மிதிச்சிட்டு இருக்கேன்."

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"உனக்குத் தையல் மெஷின் மிதிக்கத்தானே தெரியும்," என்றாள். "இப்படி விட்டு விட்டு மிதிச்சா ஆகாது. கால அசைக்காத. ஒரே சீரா வை."

வைத்தேன்.

"போன வெளிய நீட்டு."

ஜன்னல் வழியாக நீட்டிப் பிடித்தேன். கை வலிக்கும்வரை பிடித்திருந்துவிட்டுக் காதில் வைத்தேன்.

"உள்ள இன்னும் களக் களக்குங்குது. காத்து இருக்கு. மூடிய மூட வேணாம்னு சொல்லு."

"அண்ணே, இன்னும் காத்து இருக்காம், மூடாதீங்க," என்று கத்தினேன்.

"மூடத்தான் போனேன். உனக்கு எப்படிம்மா..." என்று பேனட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பாதியில் நின்றது. கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தார். நான் ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார்.

"நான்தான்," என்றார்.

"தெரியுது."

"நாளைக்கு வரேன். வண்டி சரியாயிடுச்சு."

"என்ன ஆகியிருந்துச்சாம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் முள்ளைப் பார்த்தேன். அது நடுவில் வந்து நின்றிருந்தது.

"ரேடியேட்டர்தான். துரு அடைச்சுக் கெடந்துச்சு. ஹோஸ் மக்கிப் போயிருந்துச்சு."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன இருக்கும்? எல்லாம் நான் பாக்காம விட்டதுதான்."

"ரொம்பப் பெரிய வேலையா?"

"அதெல்லாம் இல்ல. காலைல கை வெச்சேன், இப்ப முடிஞ்சிடுச்சு. அரை நாள் வேலை." அத்தனை மாதத்துக்குப் பிறகு அவளிடம் சொல்ல ஒரு நல்ல சேதி கிடைத்த மகிழ்ச்சியில் சொல்லிவிட்டார்.

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அரை நாள் வேலைதானா?" என்றாள் அக்கா.

அவர் திறந்து கிடந்த பேனட்டைப் பார்த்தார்.

"அரை நாள் வேலையத்தான் இத்தன வருஷமா ஊத்துனா ஓடும், ஊத்துனா ஓடும்னு..." போன் நின்றது.

அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, முன்னால் போய், அவள் சொன்னபடி கடைசிக் குமிழி வரும்வரை நின்று, மூடியைத் திருகினார்.

மறுநாள் விடிந்ததும் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக் கிளம்பினார். முன்சீட்டைத் துணியால் துடைத்தார். குழாயடிக் கேனை நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, சிவப்பு நாடா தெரிகிற மாதிரி அவள் காலடி இடத்தில் வைத்தார். வேன் போன பிறகு அது நின்ற இடத்தைப் பார்த்தேன். ஈரம் இல்லை.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார். தனியாக இறங்கினார்.

"என்னண்ணே ஆச்சு?"

"வாசலுக்கு வந்தா. ஏறி உக்காந்தா. தெரு முனை வரைக்கும் ஒரு சுத்து போனோம். முள்ளையே பாத்துட்டு வந்தா. நல்லா ஓடுதுன்னா. எறங்கிட்டா."

"நீங்க கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன். அன்னைக்கு இப்படி ஓடியிருக்கலாமேன்னா. அதுக்கு மேல எப்படிக் கூப்பிடுறது?"

எனக்குத் தாங்கவில்லை. "உண்மையச் சொல்லியிருந்தா வந்திருப்பாங்கண்ணே."

"வந்திருப்பா. வந்து, தெனமும் கேனத் தூக்கும்போதெல்லாம் தன் கையப் பாத்துட்டு நிப்பா. எம்மேல அவளுக்கு இருக்குற கோவத்த நான் தாங்கிக்குவேன்மா. அவ மேலயே அவளுக்கு வந்துச்சுன்னா அத யாரு தாங்குறது?"

சொல்லிவிட்டுக் கொடியில் காய்ந்த விரிப்புகளை எடுக்கப் போனார்.

நான் வந்து மெஷினில் உட்கார்ந்தேன். தையல் ஓடவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"பத்திரமா வந்து சேந்தாரா?"

"வந்துட்டாருக்கா. சூடாகவே இல்லையாம்."

"ம்." வைக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும்டி. அவர்கிட்ட கேக்க வாய் வரல. அன்னைக்கு அவசரத்துல நான் எந்தக் கேனத் தூக்குனேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. இத்தன நாளா அதே யோசனதான். படுத்தா கண்ண மூட முடியல. இன்னைக்கு வண்டியில ஏறுனதும் மொதல்ல காலடியத்தான் பாத்தேன். நாடா கட்டுன கேன் இருந்துச்சு. அன்னைக்கும் அதுதானே இருந்துச்சு? நீ எதிர்லயே இருக்கறவ, உனக்குத் தெரியாம இருக்காது."

மெஷினுக்கு அடியில் என் கால் வெள்ளைக் கேன் மேல் பட்டுக்கொண்டிருந்தது. காலை இழுத்துக்கொண்டேன்.

"வேற எது இருக்கும்க்கா? அன்னைக்கு நீங்க ஏத்துனதுதான், அதுக்கப்புறம் அது அந்த வேன விட்டு எறங்கவே இல்ல."

அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பெரிய சுமையை இறக்கி வைத்த மாதிரி நீளமாக விட்டாள்.

"அப்ப அவரு தப்புதான்," என்றாள்.

எதிர்வாசலில் அவர் ஒரு விரிப்பின் முனைகளை வேன் கதவில் வைத்துச் சாத்திவிட்டு, மறுபக்கத்தைப் பிடித்து இழுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா," என்றேன். "அவரு தப்புதான்."